மாறாமல் திரும்பும் வெளிச்சம்

தீயில் இறங்கியவர்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். என் மனைவி அறுபத்தொன்றாவது ஆள். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். அங்கே திரௌபதி அம்மன் கோயில் திடலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கும். காப்புக் கட்டி, மஞ்சள் புடவை உடுத்தி, கையில் வேப்பிலையோடு அவள் வரிசையில் வந்தபோது நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். முந்தின ஆண்டு எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்காக நேர்ந்துகொண்டது. என்னைக் கேட்டு நேர்ந்துகொள்ளவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மற்றவர்கள் ஓடினார்கள். அவள் நடந்தாள். கடைக்குப் போய்த் திரும்புகிறவளைப் போல, அவசரமில்லாமல் தணலின் மேல் நடந்து, கடைசியில் இருந்த பால்குழியில் காலை நனைத்துக்கொண்டு ஏறினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“சுட்டுச்சாக்கா?” என்றாள் ஒருத்தி.

“சுடவே இல்லடி. ஈர மண்ணுல நடக்கிற மாதிரி இருந்துச்சு.”

“அம்மா உன்னத் தூக்கிக்கினு வந்துட்டா.”

வயதில் மூத்த ஒரு பெண்மணி குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தெருவில் நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். தெரியாமல் போய்க்கொண்டே இருப்பாள். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். கள்ளக்குறிச்சி டாக்டர் ஒரு நைலான் இழையால் அவள் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இரண்டு இடத்தில்தான் தெரிகிறது என்றாள். கால் மரத்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமல்ல, அன்றைக்கு அவளைச் சூழ்ந்து நின்ற பெண்களில் பாதிப் பேருக்கும் தெரியும். ஆனால் அந்தத் திடலில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. டாக்டர் ரூமில் சுடாவிட்டால் அது நோய். அம்மன் முன்னால் சுடாவிட்டால் அது அருள்.

தணலில் நடந்து கொப்புளம் வந்தால் விரதத்தில் குறை என்பார்கள் எங்கள் பக்கத்தில். காப்புக் கட்டிய பிறகு ஏதோ தீட்டுப்பட்டிருக்கிறது, மனசில் ஏதோ கெட்டது இருந்திருக்கிறது என்று பேசுவார்கள். அதனால் கொப்புளம் வந்தவர்கள் சொல்வதில்லை. மஞ்சளை அரைத்துக் கனமாகப் பூசிக்கொள்வார்கள். என் மனைவியும் பூசிக்கொண்டாள். வேண்டுதல் முடிந்தவள் காலில் மஞ்சள் இருப்பது இயல்புதானே என்று நானும் பார்த்தேன். மஞ்சள் உதிர்ந்து, இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் கறுத்து, வீட்டில் ஒரு வாடை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நான் அரிசி மூட்டைகளையெல்லாம் நகர்த்திப் பார்த்திருக்கிறேன். பதினோரு மூட்டை.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா, கொற வந்துச்சுன்னு ஆயிடும். அப்பால உங்க நெஞ்சு இன்னா ஆவுறது?”



கள்ளக்குறிச்சியில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமாகப் பேசினார். வெட்ட வேண்டும்; அதில் சந்தேகமில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. விரல்களை மட்டும் எடுக்கலாம், அல்லது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். வெட்டுகிற இடத்தில் தோலுக்கு ரத்தம் வந்தால்தான் புண் ஆறும். வராத இடத்தில் வெட்டினால் ஆறாது. பெரிய குழாய்களைப் பார்க்கிற ஸ்கேன் எடுத்தாயிற்று, அது பாதி நல்லதும் பாதி கெட்டதுமாக இருக்கிறது. தோலுக்குள் நுண்ணிய குழாய்களில் ஓட்டம் எப்படி என்று பார்க்க, லேசர் வெளிச்சத்தில் வேலை செய்கிற ஒரு கருவி இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு நாளைக்கு இங்கே கொண்டுவருகிறார்கள். அதில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

லேசர் டாப்ளர் என்று கருவியின் பெயரை அவர் சொன்னதும் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெறுகிற வரைக்கும் பதினொன்றாம் வகுப்பில் டாப்ளர் விளைவை நடத்தியிருக்கிறேன். ஒலி என்றால் எளிது. எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரன் ஒருமாதிரி, கடந்து போன பிறகு வேறுமாதிரி, எல்லாருக்கும் காது இருக்கிறது. வெளிச்சத்துக்கும் அதுவே நடக்கிறது, நம்மை நோக்கி வருகிற விண்மீனின் வெளிச்சம் நீலப் பக்கம் நகரும், விலகிப்போவதன் வெளிச்சம் சிவப்புப் பக்கம் நகரும் என்று சொல்லும்போது மட்டும், இதை நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது, தேர்வுக்கு எழுதினால் போதும் என்று முடித்துவிடுவேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளியில் இருந்தபோது ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள். “சார், நம்ம மலைக்கு ஏறி வர்ற பஸ்ஸு வெள்ளையா தெரியுது, எறங்கிப் போற பஸ்ஸு செவப்பா தெரியுது. இதுவா சார் அது?” வகுப்பே சிரித்தது. அது முன்விளக்கும் பின்விளக்கும், உட்காரு என்றேன். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணு கேட்டது சரிதானே. போறது செவப்பாத்தானே போவுது” என்றாள். பிறகு சாயங்காலத்தில் கடைசி பஸ் வளைவு வளைவாக இறங்கும்போது, வாசலில் நின்று, “தோ, உங்க பாடம் போவுது” என்பாள்.

கருவி வருகிறது என்ற நாளுக்கு முந்தின மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் நீட்டியிருந்தாள்.

“நாளைக்கு இன்னாங்க செய்யப் போறாங்க? ஊசியா?”

“ஊசி இல்ல. வெளிச்சம். வலிக்காது.”

“வலிச்சாத் தெரிஞ்சிடப் போவுதா. வெளிச்சம் உட்டு இன்னா பாப்பாங்க?”

எனக்குச் சொல்லிக்கொடுக்கிற உற்சாகம் வந்துவிட்டது. இப்போது நினைத்தால் கூசுகிறது. “தோல் மேல சின்னதா ஒரு வெளிச்சத்த உடுவாங்க. அது கொஞ்சம் உள்ள போய்ப் பட்டுத் திரும்பி வரும். சும்மா இருக்கிற சதையில பட்டா, போனபடியே திரும்பும். ஓடிக்கினு இருக்கிற ரத்தத்துல பட்டா, துளி மாறித் திரும்பும். அந்த மாத்தம் எவ்ளோன்னு மிஷின் நம்பர் போடும்.”

“விண்மீனுக்குச் சொல்லுவீங்களே, அதுவா?”

“அதேதான்.”

“எம் மாத்திரம் மாறும்? செவப்பு பச்சையாவுமா?”

“அவ்ளோ இல்ல. கண்ணுக்குத் தெரியாது. மிஷினுக்குத்தான் தெரியும்.”

கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். “அப்ப, மாறி வந்தா நல்லது. மாறாம வந்தா கெட்டது.”

“ஆமா.”

“மாறி வந்துச்சுன்னா வெரலோட போவும்?”

“ஆமா.”

“ரத்தந்தான் ஓடணுமா? வேற எது அசைஞ்சாலும் மாறுமா?”

“எது அசைஞ்சாலும் மாறும். அதுக்கு ரத்தம்னு தெரியாது, அசைவுதான் தெரியும். அதனாலதான் காலை ஆட்டாம வெச்சிக்கினு இருக்கணும்.”

“சரி” என்றாள். மாத்திரையைக் கேட்டாள். ஏழு மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் மருத்துவமனையில் வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேருக்குக் காலில் கட்டு. என் பக்கத்தில் திருநாவலூரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சக்கர நாற்காலியில் இருந்தவர் அவள் கணவர். வலது கால் தொடைவரைதான் இருந்தது. இப்போது இடது காலுக்குப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

“மூணு வாட்டி வெட்டுனாங்க சாரு” என்று அவளாகவே ஆரம்பித்தாள். “மொதல்ல வெரலு. ஆறல. அப்பால கணுக்காலு. ஆறல. அப்பால இங்க. தவணை கட்டுற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா குடுத்தோம்.”

“வாய மூடுடி” என்றார் கணவர்.

“ஏன், நானா வெட்டுனேன்? இந்த மிஷினு அப்ப இல்ல. நாங்களும் வெரலோட உடுங்க, வெரலோட உடுங்கன்னு டாக்டரு காலப் புடிச்சிக்கினோம். புடிக்காம இருந்திருந்தா முட்டியாவது மிஞ்சியிருக்கும். முட்டி இருந்தா கட்டக்கால மாட்டிக்கினு நடக்கலாமாம்.”

என் மனைவி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. கருவியை இயக்க ஒரு பெண் இருந்தாள், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மனைவியைப் படுக்கவைத்து, கட்டைப் பிரித்து, விரல்களின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். புறங்காலில் ஒரு சின்ன வட்டத்தை ஒட்டினாள். அதிலிருந்து மெல்லிய கம்பி கருவிக்குப் போயிற்று. வட்டத்தின் ஓரத்தில் தோல் சிவப்பாக ஒளிர்ந்தது. அவ்வளவுதான். இத்தனை காலம் கண்ணால் பார்க்க முடியாது என்று சொல்லிக்கொடுத்தது, என் மனைவியின் காலில் ஒரு நகம் அளவுக்குச் சிவப்பாக இருந்தது.

“அசையாதீங்கம்மா” என்றாள் அந்தப் பெண்.

“நான் ஏன் அசையறேன்” என்றாள் மனைவி.

திரையில் ஒரு கோடு ஓடியது. பக்கத்தில் எண்கள். முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. முப்பத்தாறு. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கேம்மா. இந்தக் காலுக்கு நான் இவ்வளவு எதிர்பார்க்கல. டாக்டர் விரலோட விட்டுடுவார்னு நினைக்கிறேன்.”

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எண்களைப் பார்த்தேன். எதையும் எண்ணாமல் பார்க்க எனக்கு வராது. ரத்த ஓட்டத்துக்கு ஒரு சீர் உண்டு. இதயத் துடிப்போடு ஏறி இறங்க வேண்டும். இந்தக் கோடு அப்படி ஏறவில்லை. மூன்று தரம் ஏறி, நின்று, மறுபடி மூன்று தரம் ஏறியது. எங்கள் வீட்டில் தயிர் கடைகிறபோதும், உரலில் இடிக்கிறபோதும், அவள் மூன்று மூன்றாகத்தான் செய்வாள். துணியைப் பார்த்தேன். துணிக்கு அடியில் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. கறுத்துப்போன விரல் இருந்த இடத்திலும் துணி ஆடியது. உணர்ச்சிதான் போயிருந்தது, தசைநார் இழுத்தால் விரல் ஆடும். உற்றுப் பார்க்காதவருக்குத் தெரியாத அளவுக்குத்தான் ஆடியது. வெளிச்சத்துக்கு அது போதும்.

பாடத்தை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். என்னிடம் படித்த யாரும் அதை இவ்வளவு சரியாகப் பயன்படுத்தியதில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் எண்களைக் குறித்துக்கொண்டு கம்பியைக் கழற்றியிருப்பாள். வெளியே அந்தத் திருநாவலூர்ப் பெண் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கதவின் கண்ணாடியில் தெரிந்தது.

“மறுபடியும் எடுங்கம்மா” என்றேன். “கால் ஆடுது.”

அந்தப் பெண் துணியை எடுத்துப் பார்த்தாள். விரல்கள் நின்றுவிட்டன. மனைவி கண்ணைத் திறக்கவில்லை. “இல்லயே” என்றாள்.

“ஆடுச்சு.”

“அவரு எப்பவும் இப்படித்தாம்மா. எதையாவது சொல்லிக்கினே இருப்பாரு. நீ எழுதிக்கோ.”

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “இன்னொரு தடவ பாத்துடலாம்மா, ஒரு நிமிஷந்தான்” என்றாள். என்னிடம், “ஐயா, நீங்களே காலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் கணுக்காலை, மறு கையால் விரல்களை. எனக்காகத் தீயில் இறங்கிய கால். சில்லென்று இருந்தது. விரல்கள் என் உள்ளங்கைக்குள் ஒருமுறை தள்ளின. நான் இன்னும் அழுத்தினேன். இரண்டாம் முறை தள்ளின. பிறகு விட்டுவிட்டன.

ஒன்பது. ஐந்து. நான்கு. நான்கு. நான்கு.

வெளிச்சம் போனபடியே திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கம்பியை முழங்காலுக்குக் கீழே ஆடுதசையில் வைத்தாள். அங்கே எண்கள் ஏறின; கோடு துடிப்போடு சீராக ஓடியது. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

வெளியே வந்து அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் திரும்பாமல் சொன்னாள். “வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல. ஒரு வாட்டி. ஒரே ஒரு வாட்டி.”

“ஆறாதுடி. அந்தத் திருநாவலூர் அம்மா சொன்னதைக் கேட்டல்ல?”

“கேட்டேன்.”

“அப்பறம்?”

“அவங்க வூட்டுக்காரரு, வெரல வெட்டுனதுக்கு அப்பால, ஆறுமோ ஆறாதோன்னு நெனச்சிக்கினு கொஞ்ச நாளு காலோட இருந்தாருல்ல. நானும் இருந்திருப்பேன்.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆறிவிட்டது. டாக்டர் சரியான முடிவு என்றார். எனக்குத்தான் சரியாகவில்லை. அன்றைக்கு நான் காலை அழுத்திப் பிடித்தேனே, அந்த அழுத்தத்தால், இருந்த கொஞ்ச ஓட்டமும் நின்று, நான்கு என்று காட்டியதா? அறை குளிராக இருந்தது. குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கும். ஒரு போர்வை போட்டுச் சூடாக்கிவிட்டு எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? டாக்டரிடம் இரண்டு தரம் போய்க் கேட்டேன். ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் செய்தோம், நீங்கள் பிடித்ததால் ஒன்றும் மாறவில்லை ஐயா என்றார். மூன்றாம் தரமும் போனேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டி அனுப்பினார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்தக் காலிடம் மறுபடி கேட்டுப் பார்க்க வழியில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் ஓசூரில் இருக்கிறாள்; வந்து போனாள். கட்டைக்கால் வாங்கினோம், கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, அதற்கு மாட்டிய செருப்போடு. அவள் அதைப் போட்டுக்கொள்வதில்லை. ஊரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் அவள் முன்னால் தீமிதி பேச்சை எடுப்பதில்லை. வாசலுக்குப் போனதும் எடுக்கிறார்கள். ஏதோ குறை நடந்திருக்கிறது என்கிறார்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர்கள் போன பிறகு என்னைப் பார்ப்பாள். என் நெஞ்சைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, இடது பக்கம் புடவை மடிந்து தொங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெரலு ஆடுதுங்க.”

வெட்டிய உறுப்பு இருப்பதுபோலத் தோன்றும், மூளை அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நானும் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அதனால் விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை.

“எந்த வெரலு?”

“கட்டவெரலுக்கு அடுத்தது.” புடவை மடிப்பைக் கையால் தடவினாள். “ஆடுறது மட்டும் இல்ல. சுடுது. நெருப்புல வெச்ச மாதிரி சுடுது. காலு பூரா.”

“எப்பலேர்ந்து?”

“நாலஞ்சு நாளா. இன்னிக்கு ஜாஸ்தி.”

டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டில் இருந்த வலி மாத்திரையைக் கொடுத்தேன். அது வேலை செய்ய நேரம் ஆகும் என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “வீசுங்க” என்றாள்.

“எங்க?”

“தோ, அங்கதான். கால்ல.”

அலமாரி மேலிருந்து பனையோலை விசிறியை எடுத்தேன். தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே கால் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வீசினேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். கீழே வீசினேன். அங்கே சிமென்ட் தரை மட்டும் இருந்தது.

“இப்ப?” என்றேன்.

“கம்மியாவுது” என்றாள். “நிறுத்தாதீங்க.”